கிளீட்டஸ் வீட்டு வேலியில் ஓர் ஊதாப் பூ

மலாக்காவின் தங்கா பத்துவில் தம்புசாமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக் காலத்தைக் கழித்து, அறுபதில் ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தை மிஞ்சிக் கத்திப் பழகிய தொண்டை அது. வீட்டில் ஒரு பூனையை விரட்டினாலும் தாமான் குடியிருப்பில் நாலு வீட்டுக் கதவு திறக்கும். சமைத்தால் அவர் மீன் குழம்புக்கு ஈடில்லை, ஓட்டினால் அவர் மோட்டோருக்கு நிகரில்லை. இதையெல்லாம் அவரே சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை மிச்சம்.

அவர் மனைவி மோகனா நேர் எதிர். கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் சிரிப்பார். தீபாவளிக்கு என்ன சேலை வேண்டும் என்றால் "இருக்கிறதே போதும்" என்பார். முப்பது வருட வாழ்க்கையில் தனக்கென்று அவர் எதையும் கேட்டதில்லை. தம்புசாமியும் அதை வசதியாக எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை தலைக்கு வைக்கும் மல்லிகையைக்கூட மோகனாதான் பசாரில் வாங்கிக்கொள்வார். மனிதர் ஒருநாளும் ஒரு முழம் பூ வாங்கிக் கொண்டுவந்து நீட்டியதில்லை. பூ வாங்குவது ஆண்பிள்ளைக்குக் கூச்சம் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் தொழிற்சாலைக்காரர்கள் குடும்பத்தோடு எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்ட்ராபெரி தோட்டம், தேயிலைத் தோட்டம் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக ஒரு செடிக்கடையில் பஸ் நின்றது. கிளம்பும் நேரத்தில் மோகனாவைக் காணோம். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார். தம்புசாமி இறங்கித் தேடினால், கடையின் பின்பக்கம் ஒரு கம்பி வலைக்கு முன்னால் அந்த அம்மாள் அசையாமல் நிற்கிறார். வலை முழுக்க ஒரு கொடி. உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள், நடுவில் வெளிறிய மஞ்சள் இழைகள். கிளெமாட்டிஸ் என்று சீட்டில் எழுதியிருந்தது.

"ஏங்க, இது நம்ம வூட்டுல வருமா?" என்று கேட்டார் மோகனா.

முதல் முறையாக ஒரு கேள்வி, அதுவும் ஆசையோடு. தம்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏன் வராது? நான் வர வெக்கிறேன் பாரு!" என்றார். கடை முதலாளியான சீனத் தவுக்கே மலாக்கா என்ற பெயரைக் கேட்டதும் கையை விசிறிபோல ஆட்டி, "பானாஸ் லா, பாங்" என்று சிரித்தார். அங்கே ஒரே வெயிலாம், அண்ணே. வெயிலாவது மண்ணாவது என்று தம்புசாமி ஒரு தொட்டியை வாங்கி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அந்தச் செடியை அவர் அன்பாலேயே கொன்றார். குளிர்ந்த ஊர்ச் செடிதானே, ஐஸ் வைத்தால் மலையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்று தோன்றியிருக்கிறது. தினமும் காலையில் கடற்கரைக்குப் போய், மீன் இறக்கும் படகுக்காரர்களிடம் பெட்டியில் மிஞ்சிய ஐஸை வாளியில் வாங்கி வந்து வேரைச் சுற்றிக் குவித்தார். கடல் உப்பும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்த ஐஸ். செடி கருகி, ஈர்க்குச்சியாகி, மீன் வாடை அடித்துக்கொண்டு செத்துப்போனது. தெருப் பூனைகள் மட்டும் ஒரு வாரம் தொட்டியைச் சுற்றி வந்தன.

"போனா போகுது, விடுங்க," என்றார் மோகனா. அதோடு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தம்புசாமியும் மறந்திருப்பார். ஒருநாள் மோகனாவின் கைத்தொலைபேசி மணியடிக்க, எடுத்துக் கொடுக்கப்போனவர் திரையைப் பார்த்துவிட்டார். மகளுடைய படமும் இல்லை, சாமி படமும் இல்லை. கேமரனில் பார்த்த அந்த ஊதாப் பூ. செடி செத்த பிறகும் அந்த அம்மாள் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்புசாமிக்கு நெஞ்சுக்குள் யாரோ கிள்ளியதுபோல் இருந்தது. அன்றைக்கு அவர் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. தாமானில் ஒருவர் உடம்புக்கு என்னவென்றுகூட விசாரித்தார்.

அப்போதுதான் முடிவு செய்தார். இன்னொரு செடி வாங்குவது, பூக்க வைப்பது, பூத்த பிறகுதான் மோகனாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவது. அதுவரை மூச்சு விடக்கூடாது. மறுபடி ஒரு செடி அவள் கண் முன்னால் சாகக்கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

மூச்சு விடாமல் இருப்பது அவரைப் பொறுத்தவரை லேசான காரியமா? உதவிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பக்கத்து மூலை வீட்டுக் கிளீட்டஸ் அகப்பட்டார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். அவர் வீட்டு வேலி ஒருபக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். காலை வெயில் நேராக விழும். மதியத்துக்கு மேல் வீட்டுச் சுவரே நிழல் கொடுக்கும். மோகனா அந்தப் பக்கம் வரும் வேலையே இல்லை, கோயிலுக்கும் பசாருக்கும் போகும் வழி மறுபக்கம். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று தம்புசாமி நினைத்தார். இந்த நினைப்பை வாசகர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேமரனிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரர் மூலம் அதே தவுக்கேயிடமிருந்து செடி வந்தது. கிளீட்டஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கில வீடியோக்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"தம்பு, இதுக்குக் காலு நிழல்ல இருக்கணும், தலை வெயில்ல இருக்கணும். வேரு சூடாச்சுன்னா போச்சு. ஐஸு கிஸு எல்லாம் வேணாம் லா."

"ஐஸப் பத்திப் பேசாதீங்கண்ணே."

பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, இடைவெளியில் ஈர மணலை அடைத்தார்கள். தண்டின் அடிக்கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டார்கள். மேலே என்ன ஆனாலும் கீழே இருந்து துளிர்க்குமாம். மேல்மண்ணில் தேங்காய் மட்டையைப் பரப்பினார் தம்புசாமி. வேலிக்கு மெல்லிய நூல் கட்டினார். இந்தக் கொடிக்குப் பற்றிக்கொள்ளும் சுருள் கிடையாது; இலைக்காம்பையே வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கனத்த கம்பியைக் கொடுத்தால் அதால் பிடிக்க முடியாது. மீஹூன் சேமியா மாதிரி மெலிந்த அந்தத் தண்டை நூலில் சேர்த்துவிடும்போது, டன் கணக்கில் சாமான் தூக்கிய மனிதர் இரண்டு விரலால் மட்டும் தொடுவார்.

வீட்டில் கேட்டால், கிளீட்டஸோடு பலகையில் காய் நகர்த்தித் தாம் ஆடப் போகிறேன் என்பார். தினமும் காலையும் மாலையும் தாம் ஆட்டம். மோகனா, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்பார். "நான்தான்!" என்பார் இவர். அதையாவது குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் கொடி திடீரென்று துவண்டு கறுத்துப்போனது. தரையோடு வெட்டிவிட வேண்டும் என்று கிளீட்டஸ் படித்துச் சொன்னார். கத்தரியை எடுத்தார் தம்புசாமி, கை போகவில்லை. கடைசியில் கிளீட்டஸ்தான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வெட்டினார். பிறகு கொஞ்ச காலம் அந்த மொட்டைத் தொட்டிக்கு இருவரும் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்கள், வயதானால் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். ஒருநாள் காலை மட்டையை விலக்கிப் பார்த்தால் சிவப்பாக ஒரு முளை. "அண்ணே!" என்று தம்புசாமி போட்ட கூச்சலில் கிளீட்டஸ் பாதி சவரத்தோடு ஓடிவந்தார்.

புதுக்கொடி விறுவிறுவென்று ஏறியது. உச்சியில் ஒரே ஒரு மொட்டு வைத்தது. பச்சையாக நீண்டு, பிறகு ஓரங்களில் ஊதா தெரிந்தது. தம்புசாமி தம்பதியின் கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வியாழன் சாயங்காலம் மொட்டு வாயைத் திறந்துவிட்டது. பூ ஒரு வாரம் தாங்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா என்றார் கிளீட்டஸ். தம்புசாமி அன்று இரவு சாப்பிடும்போது தானாகச் சிரித்தார். "தாம்ல ஜெயிச்சிட்டீங்களா?" என்றார் மோகனா. "பெரிய ஜெயம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கைலியும் சிங்லெட்டுமாக, பல்கூடத் துலக்காமல் வேலிக்கு ஓடினார். பூ இல்லை. காம்பு மட்டும் வெட்டுப்பட்டு நின்றது. பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடிகளும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன.

கிளீட்டஸ் வெளியே வந்தார். வெறும் காம்பைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஐயையோ, தம்பு. இன்னிக்கி வெள்ளிக்கிழமை."

பவானேஸ்வரி அக்காவை இங்கே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஒரு பிளாஸ்டிக் கூடையோடு கிளம்பி, தாமானில் வேலிக்கு வெளியே எட்டிப்பார்க்கும் பூவையெல்லாம் மாரியம்மன் கோயிலுக்காகப் பறிப்பவர். யாராவது வாயைத் திறந்தால், சாமிக்குத்தானே என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவார். இந்துக்கள் வீட்டில் அவர்கள் பூசைக்குப் போக மிச்சம்தான் கிடைக்கும். கிளீட்டஸ் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. "அக்கா, எங்க வூட்டுல சாமிக்குப் பூப் பறிக்கிறதில்ல. இங்க பூக்குறதெல்லாம் உங்க அம்மனுக்குத்தான்," என்று அவரே என்றைக்கோ வாக்குக் கொடுத்திருந்தார். உலகத்திலேயே பத்திரமான இடமென்று தம்புசாமி தேர்ந்தெடுத்தது, தாமானிலேயே கேட்பாரில்லாமல் பூப் பறிபோகும் ஒரே வேலியை.

"மறந்தே போச்சு லா, தம்பு," என்று கிளீட்டஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தம்புசாமி மோட்டோரை முறுக்கினார்.

கோயில் வாசலில் போய் நின்ற பிறகுதான் தன் கோலம் அவருக்கே தெரிந்தது. குளிக்கவில்லை. நகமெல்லாம் மண். இந்த நிலையில் உள்ளே கால் வைக்க முடியாது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சந்நிதியில் திரை விலகித் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. அம்மனுக்கு மல்லிகை, செம்பருத்தி, சாமந்தி. அவற்றுக்கெல்லாம் நடுவில், வலதுகைப் பக்கம், அவருடைய ஊதாப் பூ. பூசாரி தீபத்தைச் சுற்றும்போதெல்லாம் அது மட்டும் தனியாக மினுங்கியது.

கோபத்தோடு வந்த மனிதர் அந்த ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து பூவையே பார்த்தார். அம்மாடி, என்ன அழகு! அடுத்த கணம் பெண்கள் வரிசையில் மோகனாவின் முதுகு தெரிந்தது. பூவுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி பூசாரி சாமி மேல் இருக்கும் பூக்களை எடுத்துக் கைக்கு வந்தபடி பிரசாதமாகக் கொடுப்பார். யார் கைக்கு எது போகும் என்று யாருக்குத் தெரியும்?

கை கழுவ வாசல் குழாயடிக்கு வந்தார் பவானேஸ்வரி அக்கா.

"அக்கா," என்றார் தம்புசாமி. அந்தத் தணிந்த குரலைக் கேட்டு அக்காவே திரும்பிப் பார்த்து, இது அவர்தானா என்று உற்றுப் பார்த்தார்.

"என்னா தம்பி, கைலியோட நிக்கிற?"

"அந்த ஊதாப் பூவு... நான் வளத்ததுக்கா."

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "கிளீட்டஸு வூட்டுப் பூவு அது. சாமிக்குப் போட்டதத் திரும்பக் கேக்க வந்தியா நீ?"

"இல்லக்கா. சாமிகிட்ட இருக்கட்டும், எனக்கு வேணாம்." வேறு நாளாக இருந்தால் இந்நேரம் தெருவே கூடியிருக்கும். இன்று அவருக்குச் சத்தம் வரவில்லை. "மோகனா கேட்டிச்சிக்கா. கேமரன்ல பாத்துட்டு, நம்ம வூட்டுல வருமான்னு கேட்டிச்சி. கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல அது வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். மொதச் செடிய நான் சாகடிச்சிட்டேன். இது அதுக்குத் தெரியாம வளத்தது. ஞாயித்துக்கெழம காட்டலாம்னு இருந்தேன். பூசாரி அந்தப் பூவ வேற யாருக்காச்சும் குடுத்துட்டா..." கண் கலங்கிவிட்டது. சிங்லெட்டை இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

பவானேஸ்வரி அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு முறை அவர் நகத்து மண்ணைப் பார்த்தார், ஒரு முறை உள்ளே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பூசாரியின் காதில் ஏதோ சொன்னார்.

பூசாரி தட்டோடு வந்தார். முதல் பெண்ணுக்கு மல்லிகை. அடுத்தவருக்குச் செம்பருத்தி. தம்புசாமி கம்பியை நெரித்தார். மோகனா இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். ஊதாப் பூ அவள் கையில் விழுந்தது.

மோகனா அசையவில்லை. கேமரனில் கம்பி வலைக்கு முன்னால் நின்றாளே, அதே நிலை. பின்னால் இருந்தவர்கள் "நகருங்கக்கா" என்றதுகூட அவள் காதில் ஏறவில்லை. பவானேஸ்வரி அக்கா அவள் தோளைத் தொட்டு, தாடையால் வாசலைக் காட்டினார்.

மோகனா திரும்பினாள். வாசல் கம்பிக்கு வெளியே கைலி, சிங்லெட், சீவாத தலை, அசடு வழியும் முகம். பூவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி பூவைப் பார்த்தாள். நேராக வெளியே வந்தாள்.

"குளிக்காம கோயிலுக்கு வந்துட்டீங்களா?"

"உள்ள வரல. இங்கதான் நின்னேன்." பிறகு சின்னப் பிள்ளைபோலச் சொன்னார்: "பூத்துடுச்சு, மோகனா."

"தாம் ஆடுற மனுசனுக்கு நகத்துல எப்படி மண்ணு வருதுன்னு நானும் யோசிச்சிக்கிட்டே இருந்தேன்," என்றாள் மோகனா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, முகம் மட்டும் சிரித்தது. கொண்டையிலிருந்த கிளிப்பைக் கழற்றிப் பூவோடு சேர்த்து அவர் கையில் வைத்தாள். தெருவில், கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"வெச்சு விடுங்க."

"கையி அழுக்கா இருக்கு."

"பரவால்ல."

கொடிக்கு நூல் கட்டிய அதே இரண்டு விரலால் பூவைப் பிடித்தார். ஒருவழியாகப் பூ தலையில் ஏறியது.

"கோணலா இருக்கு தம்பி!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் பவானேஸ்வரி அக்கா.

"இருக்கட்டும்கா," என்றாள் மோகனா.

தம்புசாமி மோட்டோரில் ஏறி ஹெல்மெட்டை நீட்டினார். மோகனா வாங்கிக்கொள்ளவில்லை.

"அதப் போட்டா பூவு நசுங்கிடும். எறங்குங்க, தள்ளிக்கிட்டே வாங்க." அவர் இறங்கி வீட்டுப் பக்கம் திருப்பினார். மோகனா தன் வாழ்நாளின் இரண்டாவது ஆசையைக் கேட்டாள். "அப்படி இல்ல. பசார் பக்கமா சுத்திப் போலாம்."

கைலியோடு மோட்டோரைத் தள்ளிக்கொண்டு தம்புசாமி பசாருக்குள் நுழைந்தார். பக்கத்தில் மோகனா, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மெதுவாக நடந்தாள். காய்கறிக்காரர் பார்த்தார், கோழிக்கடைக்காரர் பார்த்தார். வெள்ளிதோறும் மோகனா மல்லிகை வாங்கும் பூக்கடைக் கமலவேணி எழுந்தே நின்றுவிட்டாள்.

"அக்கா, என்னா பூ லா இது? எங்க வாங்குனீங்க?"

தம்புசாமி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பதில் மோகனாவிடமிருந்து வந்தது. பசார் முழுக்கக் கேட்கும்படி, முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்து கேட்டுப் பழகிய அதே சத்தத்தில் சொன்னாள்:

"வாங்கல கமலா. எங்க வூட்டுக்காரரு எனக்குன்னு வளத்தது!"